தாத்தாவின் தழும்பு

தாராவி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பா,

போன வாரம் பேசும்போது, "நம்ம சொந்த ஊர் எதும்மா?" என்று கேட்டாய். "திருநெல்வேலிப் பக்கம்" என்று மழுப்பிவிட்டேன். நேற்று உன் தம்பி ஒரு ஆவணப்படம் போட்டுக் காட்டினான். அதிலிருந்து மனசு உறுத்துகிறது.

தென்னாப்பிரிக்காவில் டர்பனில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம். பாட்டனுக்குப் பாட்டன் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகப் போனவர். 1860-ல் ட்ரூரோ என்ற கப்பலில் மதராஸிலிருந்து முதல் ஆட்கள் போய் இறங்கினார்கள். 1911 வரை இந்தியாவிலிருந்து ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் போனார்களாம். ஐந்து வருஷ ஒப்பந்தம். முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங். இந்தக் குடும்பத்துக்கு இப்போது தமிழ் பேச வராது. முதலியார் அங்கே மூட்லி ஆகிவிட்டது. ஆனால் மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிறார்கள். சாமி மட்டும் எப்படியோ கூடவே போய்விடுகிறது, பார்.

அவர்களிடம் இருந்தது கப்பல் பட்டியலின் ஒரு நகல். எண், பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம். மாட்டுக்குச் சூடு போடுகிற மாதிரிதான் எழுதியிருப்பார்கள், பிரியமாகவா எழுதினார்கள்? அந்தத் தாளோடு வட ஆற்காட்டில் ஒரு ஊருக்கு வந்து நின்றார்கள். அங்கே யாருக்கும் இவர்களைத் தெரியவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். அந்த அம்மா அதற்கே அழுதுவிட்டாள்.

நாம் கடல் தாண்டவே இல்லை. தோல் பதனிடும் வேலைக்கென்று தாத்தா ரயிலேறி பம்பாய் வந்து தாதரில் இறங்கினார். எந்தப் பட்டியலிலும் அவர் இல்லை. ரேஷன் கார்டிலும் பெயர் தப்பு.

சரி, எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன், பத்திரமாக வை. நாங்குநேரி தாலுகா. ஊரை ஆச்சி "மேலூர்" என்றுதான் சொல்வாள். கீழூரும் ஒன்று உண்டாம். ஏழு வயதில் ஒரே ஒரு தடவை கோயில் கொடைக்குப் போனேன். மூலைக்கரைப்பட்டியில் பஸ் இறங்கி வெயிலில் நடந்தோம். குளத்தங்கரையில் சுடலைமாடன், பக்கத்தில் இரண்டு பனை. ஆச்சி பிறந்த ஊரை உன் அத்தையிடம் கேட்டு அப்புறம் எழுதுகிறேன்.

தாத்தாவுக்கு இடது முழங்கையில் நீளத் தழும்பு. தோல் சீவும் கத்தி பட்டது.

அம்மா