பங்குனி வெயிலில் காய்ந்த மல்லாட்டை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. நேற்று உனக்கு நான்கு கிலோ மல்லாட்டை (வேர்க்கடலை) பார்சல் போட்டிருக்கிறேன், ஓட்டோடு.

'இனிமேல் அனுப்பாதீங்கப்பா, கொலஸ்ட்ரால் கொஞ்சம் ஏறியிருக்கு, மல்லாட்டை ஆகாதுன்னு எல்லாரும் சொல்றாங்க' என்றாய். அதற்கு முந்தைய வாரம், போன தடவை வந்ததில் சில பருப்பு கசந்தது என்றும் சொன்னாய். இரண்டுக்கும் பதில் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை பாப்பா.

கசப்பு என் தவறு. அது ஐப்பசியில் பிடுங்கிய காய். மழை விட்டு விட்டுப் பெய்தது, களத்தில் சரியாகக் காயவில்லை. ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். அதிலிருந்து வருவதுதான் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு, ஈரலைக் கெடுக்கும். 1960-ல் இங்கிலாந்தில் லட்சம் வான்கோழிகள் இறந்தன. தீவனத்தில் கலந்த மல்லாட்டைப் பிண்ணாக்கில் அந்தப் பூஞ்சணம் இருந்ததைப் பிறகு கண்டுபிடித்தார்கள். வேளாண்மைத் துறையில் இருந்தபோது எத்தனையோ விவசாயிகளுக்கு நானே சொன்ன விஷயம் இது. என் பிள்ளைக்கு அனுப்பும்போது அவசரப்பட்டுவிட்டேன். மீதி இருந்தால் தூக்கிப் போட்டுவிடு, வறுத்தாலும் அவித்தாலும் அது முழுதாகப் போகாது.

இப்போது வருவது மார்கழியில் விதைத்துப் பங்குனியில் பிடுங்கியது. காயை உடைத்து ஓட்டின் உட்புறம் கறுத்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பிடுங்கச் சொன்னேன். வெள்ளையாக இருந்தால் பருப்பு முற்றவில்லை என்று அர்த்தம். ஐந்து நாள் நல்ல வெயில். கையில் அள்ளிக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வரவேண்டும், பருப்பை விரலால் தேய்த்தால் தோல் கழன்று வரவேண்டும். இரண்டும் வந்தது. அம்மா முறத்தில் போட்டு உடைந்தது, சுருங்கியது, சொத்தை எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்தாள். ஒரு மத்தியானம் முழுக்க அதே வேலை.

சரி, கொலஸ்ட்ரால். மல்லாட்டையில் அது கிடையாது. கறி, முட்டை, பால், நெய் இப்படி விலங்கினத்திலிருந்து வருவதில்தான் உண்டு. எண்ணெய் இருக்கிறது, கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. ஆனால் அதில் ஐந்தில் நான்கு பங்கு நிறைவுறாக் கொழுப்பு, இதயத்துக்கு நல்ல வகை. நெய்யும் வறுவலும் இருந்த இடத்தில் அது வந்தால் கெட்ட கொலஸ்ட்ரால் குறையத்தான் செய்யும். ஸ்பெயினில் ஏழாயிரம் பேருக்கு மேல் வைத்துப் பல வருஷம் ஆராய்ந்தார்கள். தினம் 30 கிராம் வால்நட், பாதாம், ஹேசல்நட் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் குறைவாக வந்தது. அங்கே கொடுத்தது மல்லாட்டை இல்லை, உண்மைதான். ஆனால் அவற்றிலும் பெரும்பங்கு இதே நிறைவுறாக் கொழுப்புதான். உன் டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

'ஏழைகளின் பாதாம்' என்று சொல்வார்களே, எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. 100 கிராம் மல்லாட்டையில் 25 கிராம் புரதம், பாதாமில் அதைவிடச் சற்றுக் குறைவு. ஃபோலேட், நியாசின் என்ற பி வைட்டமின்களும் மல்லாட்டையில்தான் அதிகம். பாதாமில் வைட்டமின் இ-யும் கால்சியமும் கூடுதல், வால்நட்டில் ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு. வாங்க முடிகிறபோது அதையும் வாங்கிச் சாப்பிடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. நம் நிலத்தில் விளைவதைக் குறைவாக நினைத்து ஒதுக்காதே, அவ்வளவுதான்.

அளவு ஒரு கைப்பிடி. அதிலேயே 170 கலோரி வந்துவிடும், அதனால் கூடையோடு மடியில் வைத்துக்கொள்ளாதே. உப்பும் மசாலாவும் போட்டுப் பொரித்த பாக்கெட் வேண்டாம். காலையில் வெறும் காபியோடு ஓடுகிறாயே, அந்த நேரத்துக்கு முதல் நாள் இரவே அவித்து வைத்துக்கொள். சிவப்புத் தோலை ஊதித் தள்ளாமல் சாப்பிடு, அந்தத் துவர்ப்பிலும் சத்து இருக்கிறது.

அப்புறம், உன் அறையில் இருக்கும் பெண்ணுக்குக் கொடுப்பதற்கு முன் ஒத்துக்கொள்ளுமா என்று கட்டாயம் கேள். சிலருக்கு ஒவ்வாமையால் ஒரு பருப்பே தொண்டையை வீங்க வைத்து உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

பார்சல் வந்ததும் பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்துத் துணிப்பையில் மாற்றி, காற்றாட வை. உரித்ததை மட்டும் டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வை, இல்லாவிட்டால் சிக்கு வாடை வந்துவிடும். முதல் பிடியை அவித்துச் சாப்பிட்டுவிட்டு அம்மாவுக்கு போன் செய். கசக்கவில்லை என்று நீ சொல்ல வேண்டும் என்று காத்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா