காக்காய் கதைக்குக் கீழே 'நீதி' வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுவர் பக்கங்களில் தாகமெடுத்த காக்காய் கதை வரும்போதெல்லாம், அடியில் 'முயற்சி திருவினையாக்கும்' என்று ஒரு வரி ஒட்டிக்கொண்டே வருகிறது. அந்த இடத்தில் கதையைச் செய்து பார்க்கும் வழியைப் போடலாமே! கேரளத்தில் எங்கள் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்துத் தமிழ்வழிப் பிள்ளைகளுக்குக் காக்காய் மலையாளத்திலும் காக்கதான், குடமும் குடம்தான். சொல்விளக்கத்தில் நேரம் போகாது.

ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலைக் கழுத்துக்குக் கீழே வெட்டி, விளிம்பில் டேப் ஒட்டுங்கள். பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, மட்டத்தில் ரப்பர் பேண்டு மாட்டுங்கள். பாட்டிலைச் சாய்த்துக் கூழாங்கற்களை ஒவ்வொன்றாக வழுக்கவிட்டால் தண்ணீர் சிதறாமல் விளிம்புவரை ஏறிவிடும். அடுத்து, கால் பாட்டில் தண்ணீரோடு அதையே செய்யச் சொல்லுங்கள். எது வரை ஏறும் என்று முதலில் பிள்ளைகளே கோடு போடட்டும். கல் நிறைந்து மேலே குவிந்துவிடும். தண்ணீர் பாதியைச் சற்றுத் தாண்டி நின்றுவிடும். ஏறத்தாழ ஒரே அளவுள்ள கற்களைக் கொட்டினால் ஐந்தில் இரண்டு பங்கு வெறும் இடுக்குதான். இருக்கிற தண்ணீர் அதற்குள்ளேயே அடங்கிப்போகிறது. எவ்வளவு முயன்றாலும் காக்காய்க்கு ஒரு சொட்டு கிடைக்காது! இடுக்குகளில் பொடிக்கல்லைப் போட்டுக் குலுக்கினால் மட்டம் இன்னும் கொஞ்சம் ஏறும். இதைச் சில பிள்ளைகள் சொல்லிக்கொடுக்காமலே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பாண்டி ஆடுகிற ஓட்டாஞ்சில்லை யாராவது கொண்டுவந்தால் தடுக்க வேண்டாம். முதலில் மட்டம் ஏறும். சில்லு தண்ணீரைக் குடிக்கக் குடிக்க மெல்ல இறங்கும். ஏன் என்று அவர்களே கேட்பார்கள்.

காக்காய்க்கு இவ்வளவு புத்தி உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒன்று: 2009இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் நிமிர்ந்து நிற்கும் குழாய் ஒன்றில் தண்ணீர் ஊற்றி, அதில் புழுவை மிதக்கவிட்டார்கள். ரூக் என்ற காக்கை இனம் கல் போட்டு மட்டத்தை உயர்த்திப் புழுவை எடுத்தது. சின்னக் கல்லை விட்டுப் பெரிய கல்லை எடுக்கவும், மரத்தூள் நிரப்பிய குழாயில் இந்த வேலை பலிக்காது என்பதையும் அவை பழகிக்கொண்டன.

உங்கள் ஓவியரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். குடத்தின் அடியில் ஒரு விரற்கடைத் தண்ணீர், பக்கத்தில் நாலே நாலு கல் என்று வரைவதை விட்டு, பாதிக் குடத்துக்காவது தண்ணீர் வரையட்டும்.

இப்படிக்கு,
தமிழ்வழி வகுப்பு ஆசிரியர்கள்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.