படத்தின் கீழே எடுத்தவர் பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காசா செய்திகளோடு நம் நாளிதழ்களில் வரும் படங்களுக்குக் கீழே பெரும்பாலும் 'ஏ.பி.' என்றோ 'ராய்ட்டர்ஸ்' என்றோ செய்தி நிறுவனத்தின் பெயரை மட்டும் போடுகிறார்கள். சில நாள் அதுவும் இருப்பதில்லை. 2023 அக்டோபருக்குப் பிறகு வெளிநாட்டுச் செய்தியாளர்கள் சொந்தமாக காசாவுக்குள் போக இஸ்ரேல் விடவில்லை. உள்ளே போனவர்களில் பெரும்பாலோர் ராணுவம் கூட்டிப்போய்க் காட்டியதைப் பார்த்துத் திரும்பியவர்கள்தான். போரின் நாளாந்தப் படங்களை எடுத்தவர்கள் அந்த ஊர்க்காரர்களே. அவர்களில் ஒருவர் மரியம் அபு தக்கா. ஏ.பி.க்கும் இண்டிபெண்டன்ட் அரேபியா செய்தித்தளத்துக்கும் வேலை செய்தவர். 2025 ஆகஸ்ட் 25 அன்று கான் யூனிஸ் நாசர் மருத்துவமனையில் கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 33.

மருத்துவமனையில் படக்காரர்களுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஊரெல்லாம் இருட்டில் கிடந்தபோது ஜெனரேட்டர் ஓடிய இடம் அது. கேமரா பேட்டரிக்கு அங்கேதான் சார்ஜ். வெளிப்புறப் படிக்கட்டின் மேல்தளத்தில் நின்றால் சிக்னல் கிடைக்கும், நகரமும் தெரியும். கேமரா பதியும் மூலக் கோப்பான 'ரா' ஒன்று 25 எம்.பி.யைத் தாண்டும், அந்த சிக்னலில் அது போகாது. நூறு படம் எடுத்தால் ஐந்தாறைத் தேர்ந்து, ஜேபெக்காக ஒன்றிரண்டு எம்.பி.க்குச் சுருக்கி, விளக்கம் எழுதி அனுப்ப வேண்டும். பட்டினியால் எலும்பும் தோலுமாகிப்போன குழந்தைகளைப் பற்றி மரியம் செய்தி தந்ததும் இதே மருத்துவமனையிலிருந்துதான்.

ஆகஸ்ட் 25 அன்று இஸ்ரேலின் முதல் குண்டு விழுந்தது அந்தப் படிக்கட்டில். ராய்ட்டர்ஸின் நேரலை அந்த நொடியே அறுந்தது. கேமராவோடு இருந்த ஹுசாம் அல்-மஸ்ரி இறந்தார். மீட்புப் பணியாளர்களும் செய்தியாளர்களும் மேலே ஏறினார்கள். சுமார் பத்து நிமிடத்தில் அதே இடத்தில் மறுபடியும் குண்டு. மரியம், முகமது சலாமா, முஆத் அபு தாஹா, அகமது அபு அஸீஸ் ஆகிய செய்தியாளர்களும் அந்த நாளில் பலியானார்கள். அங்கிருந்தது ஹமாஸ் வைத்த கேமரா என்றது இஸ்ரேல் ராணுவத்தின் முதற்கட்ட விசாரணை. அது தங்கள் கேமரா, அதன் மேல் கிடந்த துணி மஸ்ரியின் தொழுகை விரிப்பு என்றது ராய்ட்டர்ஸ். 2008 ஏப்ரல் 16 அன்று காசாவில் ராய்ட்டர்ஸ் ஒளிப்பதிவாளர் ஃபாதில் ஷனாவை பீரங்கி வண்டி சுட்டபோதும், கையிலிருந்தது கேமராவா ஆயுதமா என்று வீரர்களால் தீர்மானிக்க முடியவில்லை என்றுதான் ராணுவம் சொன்னது. அந்த வண்டி சுடுவது அவர் கேமராவிலேயே பதிவாகியிருந்தது.

கவச உடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். துப்பாக்கிக் குண்டைத் தாங்கும் தட்டுகள் மார்பையும் முதுகையும் மட்டுமே காக்கும். விலா, கழுத்து, அடிவயிறு, தொடை எல்லாம் திறந்தே கிடக்கும். 2018-இல் 'பிரஸ்' என்று எழுதிய நீலக் கவசத்தோடு காசா எல்லைப் போராட்டத்தைப் படமெடுத்த யாசர் முர்தஜாவுக்குக் குண்டு பாய்ந்தது வயிற்றில். பீரங்கிக் குண்டுக்கு முன்னால் எந்தத் தட்டும் தட்டல்ல.

இனி எங்கள் கோரிக்கை. ஏஜென்சி அனுப்பும் படக் கோப்புக்குள்ளேயே எடுத்தவர் பெயர், நாள், ஊர், விளக்கம் தனித்தனிக் கட்டங்களில் இருக்கும். ஃபோட்டோஷாப்பில் 'ஃபைல் இன்ஃபோ'வைத் திறந்தாலே தெரியும். பெயர் தொலைவது நம் மேசையில்தான். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்த விவரம் உதிர்ந்துவிடும். ஸ்கிரீன்ஷாட்டில் முதலிலிருந்தே இருக்காது. இணையதளத்துக்காகச் சுருக்கும்போது 'மெட்டாடேட்டா' எனப்படும் இந்த விவரங்கள் வேண்டாம் என்று தேர்வு செய்திருந்தாலும் போய்விடும். கோப்பை மெயிலிலோ பென் டிரைவிலோ அப்படியே கைமாற்றி, பக்கம் கட்டுபவர் கைக்குப் போகும் முன்பே பெயரைத் தனியே எழுதிவைத்தால் போதும். அரை நிமிட வேலை. 'படம்: மரியம் அபு தக்கா / ஏ.பி.' என்பது ஒரு பத்தியின் அகலத்துக்குள் அடங்கிவிடும்.

ஆங்கிலத்தில் வரும் பெயரை அப்படியே 'டாக்கா' என்று எழுதிவிட வேண்டாம். வாசகருக்கு வங்கதேசத் தலைநகர்தான் நினைவுக்கு வரும். அரபு எழுத்துக்கு நெருக்கமானது 'தக்கா'.

இப்படிக்கு,
புகைப்பட இதழியல் ஆசிரியர்கள் சிலர்,
திருச்சி.