பொதுச் செயலாளர் ஆண்டறிக்கை: பிள்ளை வழக்குகளில் பெற்றோருக்குச் சட்ட உதவி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, கட்டணம் எதிர்பாராமல் துணை நிற்கும் வழக்கறிஞர் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

பிரிந்து வாழும் பெற்றோரில் குழந்தை யாரிடம் இருப்பது என்ற வழக்குகளில் உதவும் நமது சங்கம், சென்ற ஏப்ரல் முதல் இந்த மார்ச் முடிய செய்த பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. மே மாதம் நீதிமன்ற விடுமுறை என்பதால் ஆலோசனை நாட்கள் நடக்கவில்லை. சந்தா நிலுவை பற்றிப் பொருளாளர் சொல்வார். நான் சொன்னால் கோபமாகச் சொல்லிவிடுவேன்.

உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டிப் பக்கமிருந்து வந்தவர்களே இந்த ஆண்டும் அதிகம். வந்தவர்களில் பலர் பையிலிருந்து முதலில் எடுத்து நீட்டியது ஒரே மாதிரியான தாள். காவல் நிலையத்திலோ ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையிலோ எழுதி, இரு தரப்பும் சாட்சிகளும் கையெழுத்திட்ட முத்திரைத்தாள். குழந்தை ஆறு மாதம் தகப்பனிடம், ஆறு மாதம் தாயிடம் என்று அதில் இருக்கும். பள்ளிக்கூடம் எந்த ஊரில் என்பதற்கு மட்டும் ஒரு வரிகூட இருக்காது. அதை லேமினேஷன் செய்து பத்திரப்படுத்தியவரும் உண்டு.

அந்தத் தாள் நீதிமன்ற உத்தரவு ஆகாது. ஒருவர் மீறினால் மற்றவர் அதை வைத்துக்கொண்டு குழந்தையைக் கேட்டு வாங்க வழியில்லை. ஒருவரிடமிருந்து வாங்கி இன்னொருவரிடம் ஒப்படைக்கச் சொல்லும் அதிகாரம் நீதிமன்றத்துக்குத்தான் உண்டு. தாள் கையில் இருக்கிற தைரியத்தில் ஓராண்டை ஓட்டிவிடுகிறார்கள். அதற்குள் குழந்தை புது ஊர், புதுப் பள்ளி, புதுக் கூட்டாளிகள் என்று பழகிவிடும். பிறகு மனுப் போட்டால், பழகிய இடத்திலிருந்து ஏன் பிடுங்க வேண்டும் என்ற கேள்விதான் முதலில் வரும். முதல் மாதத்திலேயே வாருங்கள் என்று இந்த மேடையில் ஆண்டுதோறும் நான் மன்றாடுவது அதனால்தான்.

எங்கே மனுச் செய்வது என்ற குழப்பமும் தீரவில்லை. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி, குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்தையே நாட வேண்டும். திருப்பூரில் படித்த பிள்ளையை நேற்று இரவு பஸ்ஸில் ஏற்றி மதுரைச் செல்லூருக்குக் கொண்டுவந்துவிட்டு, இன்று காலை மதுரையில் மனுப் போட்டால் எதிர்த்தரப்பு முதல் வாய்தாவிலேயே அதைத்தான் பிடித்துக்கொள்ளும். விவாகரத்து வழக்கு ஏற்கெனவே நடந்தால் 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் 26ஆம் பிரிவில் அதே நீதிமன்றத்தில் கேட்கலாம். குடும்ப வன்முறை வழக்கு நடந்தால் 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றவியல் நடுவர், குழந்தையைத் தற்காலிகமாக ஒப்படைக்க உத்தரவிட முடியும். ஒத்தக்கடைக்குப் போய் உயர்நீதிமன்றக் கிளையில் ஆட்கொணர்வு மனு, அதாவது சட்டவிரோதமாக வைத்திருக்கும் ஆளை நீதிமன்றத்தில் நிறுத்தக் கோரும் மனு, போட்டால் ஒரே வாரத்தில் முடிந்துவிடும் என்று யாரோ சொல்லி அனுப்புகிறார்கள். பெற்றவர் ஒருவரிடமே குழந்தை இருந்தாலும், அது சட்டத்துக்குப் புறம்பானது என்று காட்டினால் அந்த மனு நிற்கும் என 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. விரிவான விசாரணை தேவைப்பட்டால் குடும்பநல நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பலாம் என்பதும் அதே தீர்ப்பில்தான் இருக்கிறது. சொல்லி அனுப்புகிறவர்கள் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இந்த ஆண்டு நம்மை அதிகம் அலைக்கழித்தது ஒரு காதுகுத்து. பெயரும் ஊரும் வேண்டாம். குழந்தை தாயிடம், குலதெய்வம் தகப்பன் ஊரில். தகப்பன் ஊரில் காது குத்தத் தாய் சம்மதித்தாள். ஆனால் தாய்மாமன் மடியில்தானே குழந்தை உட்கார வேண்டும்? அந்த மாமன் மச்சான் வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்று சபதம் செய்தவர். இதற்காகப் போட்ட இடைக்கால மனு, நீதிமன்றச் சமரச மையத்துக்குப் போயிற்று. வீட்டு வாசல் வேண்டாம், கோவில் வாசல் போதும். மாமன் சீர்த்தட்டோடு நேரே கோவிலுக்கு வருவார். மாலையில் குழந்தை தாயோடு திரும்பும் என்று முடிவாயிற்று. பத்திரிகையில் யார் பெயர் முதலில் என்பதற்கு மட்டும் ஒரு வாய்தா போனது. காது குத்தியாயிற்று. வழக்கு இன்னும் நடக்கிறது. ஆனால் அதன் பிறகு மாதமிரு முறை சந்திப்புக்கு இரண்டு பேரும் தகராறு இல்லாமல் வந்துபோகிறார்கள்.

தகப்பன்மாருக்கும் நாம் உதவலாமா என்று ஜூலைக் கூட்டத்தில் எழுந்த சச்சரவு உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும். ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்கிறது 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் (பதினெட்டு வயது நிறையாதவர்) சட்டம். ‘சாதாரணமாக’ என்ற சொல் அதில் சும்மா கிடக்கவில்லை; விதிவிலக்குக்கு இடம் வைக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாகக் குழந்தையின் நலனைப் பார்க்கச் சொல்கிறது அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு. தாய்மார் பக்கமும் ஒன்று: தகப்பன் உயிரோடு இருக்கும்போதே, அவர் பொறுப்பேற்காத நிலையில், தாயும் இயற்கைப் பாதுகாவலராகலாம் என 1999இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. இன்றும் சில இடங்களில் பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் அப்பா கையெழுத்துதான் வேண்டும் என்று திருப்பி அனுப்புகிறார்கள். ஆக, வருகிறவர் தாயா தகப்பனா என்று பார்க்காமல் ஆலோசனை தருவது, ஒரே வழக்கில் இரு தரப்புக்கும் தருவதில்லை என்று தீர்மானித்தோம். எதிர்த்து வாக்களித்தவர்களும் இன்று வந்திருப்பதில் எனக்கு மகிழ்ச்சி.

இலவச வழக்கறிஞரைப் பற்றி: பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு கிடையாது. பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படியே. மற்ற ஆண்களில் பெரும்பாலோருக்கு வருமான வரம்பு உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு விண்ணப்பம் போதும்; 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். இது தெரியாமல் தாலியை அடகு வைத்துக் கட்டணம் கட்டிவிட்டு வந்தவரைப் பார்த்தபோது எனக்கு வாய் அடைத்துப்போயிற்று.

வளைகுடாவில் வேலை பார்க்கும் தகப்பன்மார் சிலருக்கு வீடியோ அழைப்பு நேரம் எழுதி வாங்கிக் கொடுத்தோம். நேரில் பார்க்க முடியாதவருக்கு அந்தத் தொடர்பும் வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதற்குக் கை கொடுத்தது. இந்திய நேரமா, துபாய் நேரமா என்று உத்தரவிலேயே எழுத வைக்க வேண்டும். அந்த ஒன்றரை மணி நேர வித்தியாசத்தில் எத்தனை சண்டை! சந்திப்புக்கு வரும் குழந்தையின் கையில் வீட்டுப்பாட நோட்டையும் கொடுத்தனுப்புங்கள் என்று தாய்மாரிடம் சொல்லி வருகிறோம். பொம்மையோடு வந்து என்ன பேசுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்த தகப்பன் ஒருவர், ஏழாம் வாய்ப்பாட்டைப் பிடித்துக்கொண்டு நேரம் போனதே தெரியாமல் பேசினார்.

ஆலோசனை நாளில் குழந்தையை அழைத்து வராதீர்கள். விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தை நீதிபதி தனியே கேட்பார். நாம் கேட்கமாட்டோம். என்ன சொல்ல வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க உதவும்படி கேட்டவர்களை இந்த ஆண்டு திருப்பி அனுப்பினோம், இனியும் அனுப்புவோம்.

வரும் ஆண்டில் பேரையூரிலும் மாதம் ஒரு நாள் ஆலோசனை நடத்தச் செயற்குழு பரிந்துரைக்கிறது. பழைய பீரோவுக்குப் பூட்டு மாற்ற வேண்டும். கோப்புகளில் குடும்பங்களின் அந்தரங்கம் இருக்கிறது. இவ்விரண்டுக்கும் ஒப்புதல் கோருகிறேன். அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவை வேண்டுகிறேன். அடுத்து, பொருளாளர் தணிக்கை செய்த கணக்கை வாசிப்பார்.

பொதுச் செயலாளர்
மதுரை