டயாலிசிஸ் பிரிவில் உள்ள எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி

சிஸ்டர்கள், டெக்னீஷியன்கள், துப்புரவுப் பணியாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அப்பாவுக்குச் சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. சிறுநீரகம் கொடுத்தது அம்மா. இருவரும் நலமாக இருக்கிறார்கள். அறுவைச் சிகிச்சைக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ்களோ எச்ஐவியோ எதுவும் இல்லை என்று வந்தது. அந்தத் தாளைப் பார்த்த மருத்துவர், “டயாலிசிஸ் எங்கே செய்தீர்கள்? நன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்” என்றார். அந்தப் பாராட்டு உங்களுக்கு உரியது.

டயாலிசிஸ் அறையில் இவை தொற்றாமல் இருப்பது தானாக நடப்பதில்லை. வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், உடம்பின் ரத்தம் வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்புகிறது. ஒருவர் எழுந்த படுக்கையில் சற்று நேரத்தில் அடுத்தவர் படுக்கிறார். ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில்கூட, குறைந்தது 7 நாள் சாகாமல் இருக்கும். சிறுநீரகம் கெட்டவர்களின் உடம்பில் தடுப்பூசியும் எளிதில் பிடிப்பதில்லை. அதனால்தான் அப்பாவுக்கு இரட்டிப்பு அளவில் 4 தவணை போட்டீர்கள். போட்டதோடு விடாமல், எதிர்ப்பு சக்தி வந்திருக்கிறதா என்று ரத்தத்தையும் சோதித்தீர்கள். “எதிர்ப்பு சக்தி அளவு 10க்கு மேல் வந்துவிட்டது, இப்போதைக்குக் கவலை இல்லை” என்று சிஸ்டர் சொன்னபோது அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

ஒரு நாள் அப்பாவின் கையிலிருந்து ஊசி நழுவித் தரையெல்லாம் ரத்தம். டெக்னீஷியன் தம்பி ஊசி போட்ட இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டார். துப்புரவு அக்கா ஓடி வந்தும் உடனே துடைக்கவில்லை. கையுறை போட்டு, ரத்தத்தின் மேல் துணியை விரித்து மூடி, கிருமியைக் கொல்லும் ஹைப்போகுளோரைட் கரைசலை ஊற்றிவிட்டு, நேரம் ஆகும்வரை யாரையும் அந்தப் பக்கம் விடாமல் நின்றார். அவசரமாகப் போக வந்த ஒரு பெரிய மருத்துவரையும் சுற்றிப் போகச் சொன்னார். அந்த அக்கா ஒப்பந்தப் பணியாளர். தலைமை சிஸ்டர் விடாப்பிடியாக நின்று தனக்கு 3 தவணை ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியும் போட வைத்ததாகச் சொன்னார். தடுப்பூசி போடாதவர்களுக்கு, பி வைரஸ் உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால், நூற்றில் 30 பேர் வரைக்கும் தொற்றக்கூடும். குப்பைப் பையைத் தூக்குகிறவர்களுக்கும் அப்படி ஊசி குத்தலாம். எல்லா மருத்துவமனைகளிலும் ஒப்பந்தப் பணியாளர்களுக்கும் இந்தத் தடுப்பூசி போட்டாக வேண்டும். அதைக் கேட்டு வாங்கிக் கொடுத்த தலைமை சிஸ்டருக்குத் தனியாக ஒரு நன்றி.

இன்னொருவரை மறக்க முடியாது. பெயர் சொல்லவில்லை, அவருக்குத் தெரியும். ஹெபடைட்டிஸ் சி உள்ள நோயாளிக்கு ஊசியை எடுக்கும்போது உங்கள் விரலில் குத்திவிட்டது. சி வைரஸுக்குத் தடுப்பூசி கிடையாது. குழாய்த் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவினீர்கள், பதிவேட்டில் எழுதினீர்கள், பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தீர்கள். அந்த நோயாளி குற்ற உணர்ச்சியில் அழுதபோது, “உங்கள் மேல் என்ன தப்பு ஐயா?” என்று அவர் தோளைத் தட்டினீர்கள். கடைசிப் பரிசோதனையிலும் தொற்று இல்லை என்று தெரிந்த அன்று எங்கள் வீட்டில் பாயசம் வைத்தோம்.

அப்பாவுக்கு ரத்த அணுக்கள் குறைந்தபோது ரத்தம் கொடுத்த முகம் தெரியாதவர்களுக்கும் நன்றி. ரத்த வங்கியில் ஒவ்வொரு பையையும் சோதிக்கிறார்கள் என்றாலும், தொற்று புதிதாக வந்திருந்தால் சோதனையில் சில நாள் அகப்படாது. படிவத்தில் உள்ள கேள்விகளுக்கு நீங்கள் மறைக்காமல் பதில் எழுதியதும் அப்பாவைக் காப்பாற்றியது.

நேரில் வந்து சொல்லத்தான் அப்பாவுக்கு ஆசை. மாற்றுச் சிறுநீரகத்துக்காகச் சாப்பிடும் மாத்திரைகளால் எதிர்ப்பு சக்தி குறைந்திருக்கிறது. இப்போதைக்கு மருத்துவமனைக் கூட்டத்துக்குள் போகக் கூடாது என்கிறார்கள். அனுமதி கிடைத்ததும் வருவார். ஜன்னலோரப் படுக்கை ஐயாவிடம் அப்பா விசாரித்ததாகச் சொல்லுங்கள். தண்ணீரை அளவாகக் குடிக்கச் சொன்னதாகவும் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நோயாளியின் மகள்