செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: லாபத்தில் முதல் பந்தி யாருக்கு?

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, மகளிர் அணித் தாய்மார்களே, படிப்பகத்துத் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் தொடங்கி 2025 மார்ச் முடிய நம் சங்கம் செய்த வேலைகளைப் பேரவையின் முன் வைக்கிறேன். இந்த ஓராண்டில் நம்மை விட்டுப் பிரிந்த உறுப்பினர்களுக்கு முதலில் அஞ்சலி. அவர்களில் இரண்டு பேர் பின்னி மில்லில் தறி ஓட்டியவர்கள். மில் சங்கு ஊதுவதைக் கேட்டு வீட்டில் உலை வைத்த தலைமுறையில் இப்போது நம்மிடம் மிஞ்சியிருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். எல்லோரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நிற்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வழக்கமான வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அக்டோபர் மத்தியில் பெய்த மழையில் புளியந்தோப்பு, பட்டாளம் பக்கம் வழக்கம்போல் தண்ணீர் ஏறியது. சங்க அறையிலேயே சமைத்து, பொட்டலம் கட்டி வீடு வீடாகக் கொடுத்தோம். மகளிர் அணியினர் இரண்டு ராத்திரி தூங்கவில்லை. மாலை நேர டியூஷன் தடையில்லாமல் நடந்தது. படிப்பகத்துக்கு இரண்டு மர அலமாரி நன்கொடையாக வந்தது. வரவு செலவைப் பொருளாளர் அக்கா தனியாகப் படிப்பார்.

இந்த ஆண்டு நாம் அதிகம் பேசியதும், வேலையில் இறங்கியதும் ஒரே விஷயத்துக்காகத்தான். அதை விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டும்.

2024 மே தினத்தன்று கொடியேற்றி இனிப்பு கொடுத்து முடித்த பிறகு படிப்பகத்தில் ஒரு தம்பி பேச்சை ஆரம்பித்தார். அவர் கணக்கு வேலை பார்க்கிறவர். சம்பளத்தில் மிச்சம் பிடித்து டிமேட் கணக்கில் பங்கு வாங்கி வைத்திருக்கிறார். "பணம் போட்டவன்தானே அண்ணே கம்பெனிக்குச் சொந்தக்காரன்? லாபம் வராவிட்டால் அவன் ஏன் பணம் போடுவான்? பணம் வராவிட்டால் வேலை எங்கே இருக்கும்? அதனால் பங்குதாரருடைய லாபம்தான் முதலில்" என்றார். பெரியவர்கள் சிலருக்குக் கோபம் வந்தது. எனக்கு வரவில்லை. அந்தத் தம்பி மனதில் பட்டதை நேர்மையாகக் கேட்டார். இன்றைக்குப் படித்து வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் பல பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியது நம் கடமை என்று செயற்குழு முடிவு செய்து, ஆண்டு முழுவதும் மாதம் ஒரு ஞாயிறு இதற்கென்றே ஒதுக்கினோம்.

இந்தக் கேள்விக்கு வயது நூறுக்கு மேல். கார் செய்த ஹென்றி ஃபோர்டு 1914-ல் ஒரு நாளைக்கு 5 டாலர் கூலி என்று அறிவித்தவர். இரண்டு வருடம் கழித்து, கையிலிருக்கும் லாபத்தைப் பங்குதாரருக்குச் சிறப்பு டிவிடெண்டாகப் பிரித்துக் கொடுக்க மாட்டேன், கார் விலையைக் குறைத்து ஆலையைப் பெரிதாக்கி இன்னும் நிறையப் பேருக்கு வேலை தரப்போகிறேன் என்றார். அதே கம்பெனியில் பங்கு வைத்திருந்த டாட்ஜ் சகோதரர்கள் வழக்குப் போட்டார்கள். வியாபாரக் கம்பெனி முதன்மையாகப் பங்குதாரர் லாபத்துக்காகவே நடத்தப்படுகிறது என்று மிச்சிகன் மாநில உச்ச நீதிமன்றம் 1919-ல் சொல்லி, சுமார் 1.9 கோடி டாலரைப் பிரித்துக் கொடுக்கச் சொன்னது. பிறகு 1970-ல் மில்டன் ஃப்ரீட்மன் என்ற பொருளாதார அறிஞர் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் ஞாயிறு இதழில் இதையே ஒரு கொள்கையாக எழுதினார். உலகம் முழுக்க மேலாண்மைப் படிப்பில் அது வேதம்போல ஆனது.

அந்த மிச்சிகன் தீர்ப்புக்கு ஒரு வருடம் முன்னால் நம் பெரம்பூரில் என்ன நடந்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொன்னோம். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் இங்கேதான் பிறந்தது. பி.பி. வாடியா தலைவர். திரு.வி.க., செல்வபதி செட்டியார், ராமாஞ்சலு நாயுடு எல்லோரும் கூட நின்றார்கள். பின்னி மில் என்று நாம் சொல்லும் பக்கிங்ஹாம் கர்நாடிக் மில்லின் தொழிலாளிகள் முதலில் கேட்டது மதியம் சோறு தின்ன நேரம் போதவில்லை என்பதைத்தான். சங்கத் தலைவர்கள்மேல் மில் நிர்வாகம் நீதிமன்றத்தில் தடையுத்தரவு வாங்கியது. சங்கம் வைப்பவனுக்குச் சட்டத்தின் பாதுகாப்பே இல்லை என்பது அப்போதுதான் நாட்டுக்கே தெரிந்தது. 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. மில் 1996-ல் மூடப்பட்டது. அந்த இடத்தில் சினிமா செட் போட்டதையும், இப்போது அடுக்குமாடி எழுந்திருப்பதையும் தினமும் பார்க்கிறோம். நிலத்துக்கு விலை ஏறிக்கொண்டே இருந்தது. தறிக்காரன் கைத்தொழிலுக்கு ஏறவில்லை.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் அந்த ஞாயிறு கூட்டத்தில் சொன்னேன். பேரவையின் பதிவில் அது இருக்கட்டும். நான் 20 வருடம் தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவன். பிரஸ் மெஷினில் இரண்டு பட்டன் இருக்கும். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலிருந்து 'டை' என்கிற இரும்பு அச்சு இறங்கும். கை இரண்டும் பட்டன்மேல் இருந்தால் டைக்கு அடியில் மாட்டாது. அதற்காக வைத்ததுதான் அது. ஆர்டர் குவிந்த ஒரு வருடம், ஒரு பட்டனை அமுக்கி அதன்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்று சுற்றச் சொன்னார்கள். ஒரு கை பட்டனில், இன்னொரு கை தகட்டை எடுத்துப் போட. ஷிப்டுக்கு எத்தனையோ பீஸ் கூடுதலாக வந்தது. மூன்றாவது மாதம் பக்கத்து மெஷினில் இருந்த பையனுக்கு இரண்டு விரல் போனது. ரத்தத்தைத் துடைத்துவிட்டு அடுத்த ஷிப்டை ஏற்றினார்கள். டேப் அப்படியே இருந்தது. அந்த வருடம் நல்ல டிவிடெண்ட் கொடுத்தார்கள் என்று பிறகு தெரிந்தது. கம்பெனி பெயர் இங்கே தேவையில்லை. பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் அந்த டேப்பைப் பற்றிச் சொல்வார்கள்.

கணக்கு பார்க்கிற தம்பியிடம் நான் கேட்டது இதுதான்: கம்பெனி பெயருக்குப் பின்னால் 'லிமிடெட்' என்று ஏன் போடுகிறார்கள்? பங்குதாரரின் நஷ்டம் அவர் போட்ட பணத்தோடு நின்றுவிடும், அவர் வீட்டுக்கு ஜப்தி வராது என்பதற்குத்தான். அது நல்ல ஏற்பாடு. அது இல்லாமல் தொழில் வளராது. ஆனால் அந்தப் பையனின் விரலுக்கு என்ன லிமிட்? பங்கு பிடிக்காவிட்டால் செல்போனில் ஒரு நிமிடத்தில் விற்றுவிடலாம். 20 வருட உழைப்பை யாரிடம் விற்றுவிட்டு வெளியே வருவது? ரிஸ்க் எடுப்பவனுக்குத்தான் முதல் பந்தி என்றால் உட்கார வேண்டியவன் யார்?

தம்பி யோசித்துவிட்டு ஒரு நல்ல பதில் சொன்னார். "நம் பி.எஃப். பணமே பங்குச் சந்தையில் இருக்கிறதே அண்ணே, லாபம் குறைந்தால் நமக்கும்தானே அடி?" உண்மைதான். 2015 முதல் பி.எஃப். நிதியில் ஒரு பகுதி பங்குச் சந்தை நிதிகளுக்குப் போகிறது. அதனால் லாபமே வேண்டாம் என்று நாம் யாரும் சொல்லவில்லை. லாபம் இல்லாத ஆலை என்ன ஆகும் என்பது மூடிய ஆலைகளைப் பார்த்து வளர்ந்த வடசென்னைக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாம் சொல்வது வரிசையைப் பற்றி. கூலி, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., பாதுகாப்பு எல்லாம் கொடுத்த பிறகு மிஞ்சுவதற்குத்தான் லாபம் என்று பெயர். கூலியிலும் பாதுகாப்பிலும் கை வைத்து எடுத்ததை லாபம் என்று எழுதினால் அந்தக் கணக்கே தப்பு. கணக்கு படித்த தம்பிக்கு அது உடனே பிடிபட்டது.

பங்குதாரரை நம் நாட்டுச் சட்டம் கைவிட்டுவிடவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 2024–25-ல் நடைமுறையில் இருந்த 1965-ஆம் ஆண்டு போனஸ் சட்டத்தில் உபரியைக் கணக்கிடும்போது, பங்கு மூலதனத்துக்கு 8.5 சதவீதமும் ரிசர்வ் நிதிக்கு 6 சதவீதமும் முதலில் கழித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு வருவதில்தான் போனஸுக்கான தொகை. சம்பளத்தில் குறைந்தபட்சம் 8.33, அதிகபட்சம் 20 சதவீதம். தீபாவளி நேரத்தில் இந்த எண்களுக்காக கேட் வாசலில் நின்றவர்கள் நம்மில் பாதிப்பேர். முதலில் யாருக்குக் கழித்தார்கள் என்பது பலருக்கு இந்த ஆண்டுதான் தெரிந்தது.

இன்னொரு பக்கம், 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 166-ஆம் பிரிவு, இயக்குநர்கள் கம்பெனியின் நலன், ஊழியர் நலன், பங்குதாரர் நலன், சமூக நலன், சுற்றுச்சூழல் எல்லாவற்றையும் மனதில் வைத்து நடக்க வேண்டும் என்கிறது. மிச்சிகன் தீர்ப்பு சொன்னது நம் நாட்டுச் சட்டம் அல்ல. கம்பெனியை மூடும் வழக்கில் தொழிலாளியின் வாதத்தையும் கேட்டாக வேண்டும் என்று 1983-லேயே நம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2016-ஆம் ஆண்டு திவால் சட்டத்தில் கடைசி 24 மாதச் சம்பள பாக்கிக்கு வங்கிக் கடனோடு சம இடம். பங்குதாரர் வரிசையின் கடைசியில். ஆலை செத்தால் தொழிலாளி முன்னால், ஓடும்போது பின்னால். இந்தத் தலைகீழ் நிலை எனக்குப் பொறுக்கவில்லை. அமெரிக்காவிலேயே 2019-ல் 181 பெரிய கம்பெனித் தலைவர்கள் ஊழியர், வாடிக்கையாளர் எல்லோருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம் என்று கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் கையெழுத்தால் கூலி எவ்வளவு ஏறியது என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

ஆண்டு நடுவில் நடந்தவை எங்கள் பேச்சுக்கு வலு சேர்த்தன. சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் செப்டம்பர் 9 தொடங்கி 37 நாள் வேலைநிறுத்தம். சங்கத்தைப் பதிவு செய்வதே பெரிய கோரிக்கையாக இருந்தது. ஜனவரியில் பதிவு கிடைத்தது. 1918-ல் பெரம்பூரில் கேட்டதை 2024-லும் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. அதே ஜனவரியில் ஒரு பெரிய நிறுவனத்தின் தலைவர் வாரம் 90 மணி நேரம் உழைக்கச் சொன்னார். அந்த மாதக் கடைசியில் மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கையே, 2023–24-ல் கம்பெனிகளின் லாபம் 22.3 சதவீதம் கூடியது, வேலைவாய்ப்பு 1.5 சதவீதம்தான் கூடியது என்று எழுதியது. அந்தப் பக்கத்தைப் பெரிதாக நகல் எடுத்துப் படிப்பகச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

பேச்சோடு நிற்கக் கூடாது என்று ஆகஸ்டு முதல் ஞாயிறுதோறும் காலையில் உதவி மேசை போட்டோம். சம்பள ஸ்லிப், பி.எஃப். பாஸ்புக், பணிக்கொடை (கிராஜுவிட்டி) ஆகியவற்றைச் சரிபார்க்க. முதல் மாதம் வந்த ஓர் அக்காவை என்னால் மறக்க முடியாது. கடைப்பை ஒன்றை மேசைமேல் கவிழ்த்தார். ஏழு அடையாள அட்டை விழுந்தன. ஏழு ஒப்பந்ததாரர் பெயர், ஏழு கலர் நாடா. பதினோரு வருடமாக ஒரே கேட், ஒரே கேன்டீன், ஒரே இடத்தில் பேக்கிங் வேலை. ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் பழைய அட்டையைத் திருப்பிக் கேட்பார்களாம். இவர் தொலைந்துவிட்டது என்று சொல்லிப் பத்திரமாக வைத்துக்கொண்டிருக்கிறார். "நான் இங்கேதான் இருந்தேன் என்பதற்கு வேறு என்ன அத்தாட்சி இருக்கு தம்பி?" என்றார். அவருடைய பி.எஃப். பணம், யு.ஏ.என். என்கிற பி.எஃப். உறுப்பினர் எண் இரண்டில் பிரிந்து கிடந்தது. அதைச் சேர்க்க விண்ணப்பம் போட்டுக் கொடுத்தது அந்த டிமேட் தம்பிதான். அன்றிலிருந்து ஒரு ஞாயிறும் அவர் தவறவில்லை.

பணிக்கொடைக் கணக்கு பலருக்குத் தெரியவில்லை. கரும்பலகையில் எழுதிப் போட்டோம்: கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 26,000 ரூபாய் என்றால் 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 15,000. அதை 20 வருடத்தால் பெருக்கினால் 3 லட்சம். 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். ஒப்பந்ததாரர் சம்பளம் தராமல் போனால், யாருடைய ஆலையில் வேலை நடந்ததோ அந்த முதலாளிதான் தர வேண்டும் என்று 2024–25-ல் நடைமுறையில் இருந்த 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொன்னது. இதைத் துண்டுப் பிரசுரமாக அடித்து வியாசர்பாடி முதல் திருவொற்றியூர் வரை பஸ் நிறுத்தங்களில் கொடுத்தோம்.

குறை ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். உதவி மேசைக்கு வந்தவர்களில் பாதிப்பேர் இரண்டாம் முறை வரவில்லை. மனு கொடுத்தால் அடுத்த மாதம் கேட் பாஸ் கிடைக்காது என்ற பயம். அந்தப் பயத்தைப் போக்கும் அளவுக்கு நம் சங்கம் இன்னும் வளரவில்லை. பக்கத்துச் சங்கங்களோடு சேர்ந்து ஒரு வழக்கறிஞரை மாதம் ஒருமுறையாவது உட்கார வைத்திருக்க வேண்டும். அதை நான் செய்து முடிக்கவில்லை. பொறுப்பு என்னுடையது.

பேரவையின் ஒப்புதலுக்கு மூன்று தீர்மானங்கள் வைக்கிறேன். உதவி மேசையை வரும் ஆண்டும் தொடர்வது; அதற்கு வழக்கறிஞர் செலவாக ஒரு தொகையைப் பொருளாளர் ஒதுக்குவது. நிரந்தரத் தன்மையுள்ள வேலைக்கு வருடக்கணக்கில் ஒப்பந்த ஆள் வைப்பதைத் தடுக்கக் கோரி தொழிலாளர் துறைக்கு மனு அளிப்பது. மூன்றாவது, பங்கு வைத்திருக்கும் நம் பிள்ளைகள் தங்கள் கம்பெனியின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் விபத்துகளைப் பற்றியும் ஒப்பந்த ஆட்களின் எண்ணிக்கை பற்றியும் ஒரு கேள்வியாவது கேட்பது. இந்த மூன்றாவதைக் கொண்டுவந்தவர் அந்தத் தம்பி. வழிமொழிந்தவர் ஏழு அட்டை வைத்திருக்கும் அக்கா.

அடுத்த உதவி மேசை வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு. பி.எஃப். பாஸ்புக்கோடு, பழைய அடையாள அட்டை எத்தனை இருந்தாலும் அத்தனையும் எடுத்து வாருங்கள். எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

நன்றியுடன்,
செயலாளர்