பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் முன்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். மேல்நிலை வகுப்புக்கான பாடப்பிரிவுப் படிவங்கள் வந்துகொண்டிருக்கின்றன. கணிதம் வேண்டாம் என்று குறித்திருக்கும் படிவங்களில் பெரும்பாலும் ஒரே காரணம்தான் எழுதப்பட்டிருக்கிறது: "பிள்ளைக்குக் கணக்கு வராது." அந்த ஒரு வரிக்காகவே இக்கடிதம்.

கணிதம் இல்லாமலும் நல்ல படிப்புகள் உண்டு. ஆனால், தேவைப்படாது என்று நம்பிப் போகும் இடங்களிலும் அது எதிரே வந்து நிற்கிறது. உளவியல் படிப்பில் புள்ளியியல் உண்டு. பொருளாதாரத்தில் சற்று மேலே போனால் நுண்கணிதம் வந்துவிடும். செயற்கை நுண்ணறிவு படிக்க விரும்பும் பிள்ளைக்கு அணிகளும் (எண்களை வரிசை வரிசையாக அடுக்கிய மேட்ரிக்ஸ்) நிகழ்தகவும்தான் அரிச்சுவடி.

செவிலியர் பணியைப் பாருங்கள். ஒரு மருந்தைக் குழந்தையின் எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் கொடுக்க வேண்டும். குழந்தையின் எடை 12 கிலோ. குப்பியில் 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. எத்தனை மில்லிலிட்டர் கொடுப்பது? விடை ஏழரை. ஏழாம் வகுப்பு விகிதக் கணக்குதான். அங்கே தசமப் புள்ளி ஓர் இடம் தள்ளிப்போனால் மருந்தளவு பத்து மடங்காகிவிடும்.

"இதெல்லாம் எங்கே பயன்படும்?" என்று பிள்ளைகள் கேட்பது நியாயமான கேள்வி. ஒரு பொருளின் ஊடாகப் பல திசைகளில் எடுத்த அளவுகளைக் கொண்டே அதன் உட்புறத்தைக் கணித்துவிட முடியும் என்று யோகான் ராடான் என்ற கணித அறிஞர் 1917-இல் நிறுவினார். அப்போது அது வெறும் ஏட்டுக் கணக்கு. நோயாளி ஒருவருக்கு முதன்முதலாக சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது 1971-இல். அந்த ஸ்கேனுக்கு அடிப்படை இந்தக் கணிதமே.

இனி, 'வராது' என்பதற்கு வருகிறேன். பத்தாம் வகுப்பு விடைத்தாள்களை நானே உட்கார்ந்து படித்தேன். இருபடிச் சமன்பாட்டைச் சரியாக அமைத்த மாணவர், இடையில் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதியிருக்கிறார். ஆறில் ஐந்து என்று வந்திருக்க வேண்டும். அவருக்கு இயற்கணிதம் புரிந்திருக்கிறது. தொடக்க வகுப்பில் பின்னம் விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான். கணிதம் படிக்கட்டு போன்றது. கீழே ஒரு படி உடைந்திருந்தால் மேலே ஏறும்போதெல்லாம் கால் இடறும். உடைந்த படியைச் சரிசெய்யாமல், ஏறத் தெரியாத பிள்ளை என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம். இதில் பள்ளியின் பங்கும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

"எனக்கும் கணக்கு வராது" என்று பிள்ளையின் காதுபடச் சொல்லாதீர்கள். ஆறுதலாக நீங்கள் சொல்வதை, முயலாமல் இருக்க அனுமதியாக அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு ஆண்டுகள் விட்டுவிட்டுக் கல்லூரியில் திரும்பத் தொடங்குவது மிகக் கடினம். பல படிப்புகளில் சேர விண்ணப்பிக்கவே முடியாது.

படிவத்தில் கையெழுத்திடும் முன், பிள்ளையின் கடைசிக் கணித விடைத்தாளுடன் ஒருமுறை பள்ளிக்கு வாருங்கள். மதிப்பெண்ணை ஒதுக்கிவைத்துவிட்டு, எந்தப் படி உடைந்திருக்கிறது என்று கணித ஆசிரியரோடு சேர்ந்து பார்ப்போம். பின்னத்திலிருந்து தொடங்க வேண்டுமென்றால், அங்கிருந்தே தொடங்குவோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்